பத்தனையா, வந்தாறுமூலையா, வீட்டுக்குப் பக்கத்திலா?

மட்டக்குளியிலிருந்து ஒரு மகள் எழுதியிருக்கிறார். கடிதம் நீளம். சுருக்கித் தருகிறேன்.

"எனக்கு வயது 20. கலைப் பிரிவில் உயர்தரம் முடித்தேன். சின்ன வயதிலிருந்து டீச்சராக வேண்டும் என்றுதான் ஆசை. ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் அறநெறிப் பாடசாலையில் தரம் 2 பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன். இப்போது மூன்று இடம் கிடைத்திருக்கிறது. பத்தனையில் உள்ள ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரிக்கு ஆரம்பக் கல்விப் பாடநெறிக்குத் தெரிவாகியிருக்கிறேன். வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் கலைப் பிரிவுக்கும் அனுமதி வந்திருக்கிறது. இங்கே கொழும்பிலேயே ஒரு தனியார் நிறுவனம் ஒரு வருட ஆசிரியர் டிப்ளோமாவுக்குச் சேரச் சொல்கிறது. கட்டணம் மூன்று லட்சம், தவணையில் கட்டலாம், முடித்ததும் சர்வதேசப் பாடசாலையில் வேலை எடுத்துத் தருவோம் என்கிறார்கள். அப்பா புறக்கோட்டையில் மொத்த வியாபாரக் கடையொன்றில் கணக்கெழுதுகிறார். தம்பி தரம் 9. என்னை வெளியூருக்கு அனுப்ப அம்மாவுக்குப் பயம். கெம்பஸ் கிடைத்தும் யாராவது கல்லூரிக்குப் போவார்களா என்று மாமா கேட்கிறார். நான் எந்த ஊருக்குப் போவது?"

அன்புள்ள மகளுக்கு,

ஊரைப் பற்றிக் கடைசியில் பேசுவோம். மூன்று இடத்திலும் ஒரே படிப்புத்தான், ஊர் மட்டுந்தான் வேறு என்பதுபோல உங்கள் வீட்டில் பேச்சு நடக்கிறது என்று நினைக்கிறேன். அப்படியில்லை. பத்தனையில் உங்களைப் படிப்பிக்கப் பழக்குவார்கள். வந்தாறுமூலையில் ஒரு பாடத்தை ஆழமாகப் படிப்பீர்கள். வகுப்பறைக்கான பயிற்சியை அதற்குப் பிறகு வேறாகத் தேட வேண்டும். கொழும்பு நிறுவனம் தருவது ஒரு வருடத்தில் ஒரு சான்றிதழ். எங்கே போனாலும் கடைசியில் டீச்சராகலாம் என்று வைத்துக்கொண்டாலும், போகிற பாதையும் எடுக்கிற காலமும் ஒன்றல்ல.

என் எண்ணத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிப்பதுதான் உங்கள் ஆசை என்றால் பத்தனைக்குப் போங்கள். அறநெறிப் பாடசாலையைப் பற்றி எழுதிய இடத்தில் மட்டும் உங்கள் கடிதத்தின் குரலே மாறுகிறது. "வாசிக்கத் தெரியாத ஒரு பிள்ளை, படத்தைப் பார்த்துக் கதையைத் தானாகவே கட்டிச் சொல்கிறது, அதைக் கேட்கவே நான் போகிறேன்" என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியை நான் இரண்டு தரம் வாசித்தேன். உயர்தரத்தில் எடுத்த இசட் புள்ளிக்கு (பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் புள்ளி) ஏற்ற மாதிரி ஏதோ ஒரு பாடநெறி அகப்பட்டது என்று நினைக்கிறவர் அப்படி எழுத மாட்டார்.

தேசிய கல்வியியற் கல்லூரி என்றால் என்ன என்று உங்கள் மாமாவுக்கும் விளங்கும்படி சொல்கிறேன். 1986ஆம் ஆண்டின் சட்டமொன்றின் கீழ் இவை தொடங்கின. இப்போது நாடு முழுவதும் இருபது அளவில் இருக்கின்றன. யாழ்ப்பாணம், வவுனியா, மட்டக்களப்பு, அட்டாளைச்சேனை போன்ற இடங்களில் தமிழ்மொழி மூலம் படிக்கலாம். மலையகத்துக்குப் பத்தனை. பாடநெறி 3 வருடம். முதல் 2 வருடம் கல்லூரிக்குள்ளேயே தங்கிப் படிக்க வேண்டும். மூன்றாவது வருடம் முழுக்க ஒரு பாடசாலையில் கட்டுறு பயிற்சி. அதாவது நேரசூசியில் உங்கள் பெயருக்குப் பாடம் இருக்கும், வருகைப் பதிவேடு உங்கள் கையில் இருக்கும், பெற்றோர் உங்களைத் தேடி வருவார்கள். ஆனால் பக்கத்தில் வழிகாட்டும் ஆசிரியர் ஒருவர் இருப்பார், கல்லூரியிலிருந்து விரிவுரையாளர்களும் வந்து பாடத்தைப் பார்ப்பார்கள். முடிவில் கிடைப்பது தேசிய கற்பித்தல் டிப்ளோமா. படிப்புக்குக் கட்டணம் இல்லை, மாதாந்தம் ஒரு கொடுப்பனவும் உண்டு. பெரிய தொகை இல்லை. ஆனாலும் தம்பியின் படிப்புச் செலவையும் பார்க்கும் அப்பாவுக்கு, மூன்று லட்சம் கட்டுவதற்கும் கட்டாமல் விடுவதற்கும் உள்ள வித்தியாசத்தைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தக் கட்டுறு பயிற்சியைப் பற்றிக் கொஞ்சம் கூடவே எழுத வேண்டும். மூன்று இடங்களையும் தராசில் வைக்கும்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

நானும் கொழும்பில் பிறந்து வளர்ந்தவள். கொட்டகலை ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்றேன். பயிற்சிக்காக ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் தரம் 2க்குப் பாடம் எடுத்த முதல் கிழமை, "எங்கள் வீடு" என்று ஒரு பாடம். நல்ல பெரிய படம் கீறிக்கொண்டு போனேன். வரவேற்பறை, சமையலறை, படுக்கையறை, முன்னால் பூந்தோட்டம். "உங்கள் வீட்டில் எத்தனை அறை இருக்கிறது, சொல்லுங்கள் பார்ப்போம்" என்றேன். ஒரு பிள்ளையும் வாய் திறக்கவில்லை. திரும்பக் கேட்டேன். ஒரு பெண்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு மேசையில் விரலால் கோடு போட்டது. பிள்ளைகளுக்குப் பேச்சு வராது என்று முடிவு கட்டிவிட்டு, மிச்ச நேரம் முழுக்க நானே பேசிப் பாடத்தை முடித்தேன்.

பின் வாங்கிலிருந்து பாடத்தைப் பார்த்துக்கொண்டிருந்த மூத்த டீச்சர், இடைவேளையில் ஒன்றே ஒன்று கேட்டார்: "இந்தப் பிள்ளைகளில் எத்தனை பேரின் வீட்டுக்குப் போயிருக்கிறீங்க?" அந்தச் சனிக்கிழமை என்னைத் தோட்டத் தொழிலாளர் வாழும் வரிசை வீடான லயத்துக்குக் கூட்டிப் போனார். ஒரு காம்பராவும் (அறை) அதற்கு முன்னால் ஒரு இஸ்தோப்பும் (திண்ணை), அதற்குள்ளே ஆறு பேர். என் படத்தில் இருந்த வீடு அந்தப் பிள்ளைகளில் ஒருவருடையதும் இல்லை. அடுத்த கிழமை வெறும் தாளைக் கொடுத்து, "வீட்டில் உங்களுக்கு ஆகப் பிடித்த இடம் எது? அதைக் கீறுங்கள்" என்றேன். அடுப்படி, கோழிக்கூடு, தண்ணீர் பிடிக்கும் பீலியடி, ஆச்சியின் கட்டில் என்று கீறித் தள்ளினார்கள். மேசையில் கோடு போட்ட அந்தப் பெண்பிள்ளை, பீலியடியில் தண்ணீருக்கு நிற்கும் வரிசையை ஆள் ஆளாகப் பெயர் சொல்லி விளங்கப்படுத்தியது.

அந்த டீச்சர் பின் வாங்கில் இருந்திராவிட்டால், தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பேச்சு வராது என்ற எண்ணத்தோடு நான் ஓய்வு பெற்றிருப்பேன். அதற்குப் பிறகு ஆசிரிய ஆலோசகராக எத்தனையோ வகுப்பறைகளுக்குப் போயிருக்கிறேன். ஒரு டீச்சரின் முதல் ஒரு வருடத்தில் அவரது பாடத்தைப் பார்த்து, அன்றைக்கே பேச ஓர் ஆள் இருந்ததா இல்லையா என்பது பத்து வருடத்துக்குப் பிறகும் தெரியும். ஆகவே எந்த இடத்திலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: எத்தனை நாள் நான் பிள்ளைகளுக்கு முன்னால் நிற்பேன், என்னைப் பார்த்துச் சொல்லித் தருவது யார்? கல்வியியற் கல்லூரியில் பதில், ஒரு முழு வருடம். கொழும்பு நிறுவனத்திடம் இதை நீங்கள் கேட்கவில்லை என்று நினைக்கிறேன். கேளுங்கள். "இரண்டு கிழமை ஒப்சவேஷன்" என்று பதில் வந்தால் மூன்று லட்சம் எதற்கு என்று அப்பாவே கேட்பார்.

சரி, மாமாவின் கேள்விக்கு வருவோம். அதைத் தட்டிக் கழிக்க மாட்டேன். நம் சனங்களுக்குப் பல்கலைக்கழகம் என்பது வீட்டுக்கே ஒரு மரியாதை. முதல் பட்டதாரி நம் வீட்டில் என்று சொல்ல யாருக்குத்தான் ஆசையில்லை? கிழக்குப் பல்கலைக்கழகம் 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986இல் முழுப் பல்கலைக்கழகமானது. அந்த மண்ணின் மொழியையும் கலையையும் அங்கேயே இருந்து படிப்பது பெரிய வாய்ப்பு. நாளைக்கு உயர்தர வகுப்பில் தமிழோ புவியியலோ படிப்பிக்க வேண்டும் என்ற ஆசை உங்களுக்கு இருந்தால் இந்தக் கடிதத்தை வேறு மாதிரி எழுதியிருப்பேன். ஆனால் அந்தப் பாதையின் நீளத்தைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். பொதுப் பட்டத்துக்கு 3 வருடம், சிறப்புப் பட்டத்துக்கு 4. அதற்குப் பிறகு பட்டதாரி ஆசிரியர்களைச் சேர்க்கும் அறிவித்தல் வரும்வரை காத்திருப்பு, போட்டிப் பரீட்சை, நேர்முகம். வேலையற்ற பட்டதாரிகள் வீதியில் இருந்து போராடியதை நீங்களும் செய்தியில் பார்த்திருப்பீர்கள். நியமனம் கிடைத்த பிறகும் வகுப்பறைக்கான தகுதிக்கு, பட்டப்பின் கல்வி டிப்ளோமாவை வேறாகச் செய்ய வேண்டும்.

மாமாவிடம் இன்னொன்றையும் சொல்லுங்கள். கல்லூரிக்குப் போவதால் பட்டம் கைவிட்டுப் போகாது. டிப்ளோமா முடித்துச் சேவையில் இருக்கும் ஆசிரியர்களுக்காகவே மஹரகம தேசிய கல்வி நிறுவகம் கல்விமாணிப் பட்டப் படிப்பை நடத்துகிறது. வேலை செய்துகொண்டே வார இறுதியில் படிக்கலாம். நாவலவில் திறந்த பல்கலைக்கழகமும் இருக்கிறது. என்னோடு வேலை செய்தவர்களில் சிலர் டிப்ளோமாவில் தொடங்கிக் கல்வி முதுமாணி வரை போனார்கள். அவர்களுக்கு ஒரு நன்மை இருந்தது: பிள்ளைகளின் சிந்தனை வளர்ச்சியை ஆராய்ந்த உளவியலாளர் பியாஜேயின் கொள்கையைப் படிக்கும்போது அவர்களுடைய மனதில் தங்கள் வகுப்புப் பிள்ளை ஒன்று நின்றது. பரீட்சைக்காக மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கவில்லை.

கல்வியியற் கல்லூரிகளையே பட்டம் தரும் நிறுவனங்களாக மாற்றப் போகிறார்கள் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அந்தப் பேச்சு பல வருடமாக நடக்கிறது. நடந்தால் நல்லது. அதை நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

தனியார் டிப்ளோமாவைப் பற்றி அதிகம் எழுத மாட்டேன். சர்வதேசப் பாடசாலையில் படிப்பிப்பது குறைந்த வேலை இல்லை. நல்ல டீச்சர்மார் அங்கேயும் இருக்கிறார்கள். ஆனால் அந்தப் பாடசாலைகள் பெரும்பாலும் கம்பனிச் சட்டத்தின் கீழ் பதிவான நிறுவனங்கள். அங்கே செல்லுபடியாகிற சான்றிதழை வைத்துக்கொண்டு இலங்கை ஆசிரியர் சேவைக்குள் போக முடியும் என்று யாராவது வாய் வார்த்தையில் சொன்னால் நம்பாதீர்கள். அந்தப் பாடநெறி மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவாகியிருக்கிறதா, எந்த என்.வீ.கியூ. (தேசிய தொழில் தகைமை) மட்டம் என்று எழுத்தில் கேளுங்கள். "வேலை எடுத்துத் தருவோம்" என்பதையும் எழுத்தில் கேளுங்கள்: எந்தப் பாடசாலை, என்ன சம்பளம், ஈ.பி.எவ். (ஊழியர் சேமலாப நிதி) கட்டுவார்களா? போன வருடம் முடித்த இரண்டு பேரோடு பேச விடச் சொல்லுங்கள். நேர்மையான இடம் என்றால் இதற்கெல்லாம் முகம் சுளிக்க மாட்டார்கள். பதில் திருப்தியாக வந்தாலும், கையில் அரச கல்லூரி இடம் இருக்கும்போது இதை முதல் தெரிவாக எடுக்க நான் சொல்ல மாட்டேன்.

இனிப் பத்தனையின் கஷ்டங்கள். அதை மறைத்துவிட்டு உங்களை அனுப்பினால் நான் பிழை செய்தவளாவேன்.

கல்லூரிக்குள் ஒழுங்கு கடுமையாக இருக்கும். காலையில் எழும்பும் நேரம், சாப்பாட்டு நேரம், வெளியே போக அனுமதி எல்லாவற்றுக்கும் முறை உண்டு. கெம்பஸ் போன சினேகிதிகளின் படங்களைப் போனில் பார்க்கும்போது மனம் சுருங்கும். குளிர் வேறு, முதல் மாதம் உடுப்பு காயாது. படிப்பு முடிந்தவுடன் நியமனக் கடிதம் கைக்கு வரும் என்றும் இல்லை, சில தொகுதி மாணவர்கள் மாதக் கணக்கில் காத்திருந்தார்கள். அப்புறம் பெரிய விடயம், நியமனம் எங்கே என்பது. வெற்றிடம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் போடுவார்கள். கொழும்பில் கேட்டு, நுவரெலியாவிலோ பதுளையிலோ ஒரு கஷ்டப் பிரதேசப் பாடசாலை கிடைக்கலாம். அங்கே குறிப்பிட்ட காலம் வேலை செய்தால்தான் இடமாற்றத்துக்கு விண்ணப்பிக்க முடியும். சேரும்போது ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்து வைப்பீர்கள். எத்தனை வருடச் சேவை, இடையில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்று அதில் இருக்கும். பிணை நிற்பவரும் வாசிக்கட்டும், நீங்களும் வரிக்கு வரி வாசியுங்கள். "எல்லாரும் வைக்கிறதுதானே" என்று சொல்லிக்கொண்டு வைக்காதீர்கள்.

ஆகவே உங்களையே கேட்க வேண்டியது இது: பத்தனையில் 2 வருடம் இருப்பேனா என்பதோடு நிற்காமல், அதற்குப் பிறகு சில வருடம் கொழும்புக்கு வெளியே வாழ்வேனா? முடியாது என்று மனம் திட்டமாகச் சொன்னால் என்னுடைய புத்திமதி பிழைத்துப்போகும். ஆனால் மட்டக்குளியில் வளர்ந்த பிள்ளைக்குச் சிங்களம் ஓடும் என்று நினைக்கிறேன். வலயக் கல்வி அலுவலகத்தில் கடிதம் கொடுத்து வேலை முடித்துக்கொண்டு வர, சிங்களப் பாடசாலை டீச்சர் ஒருவரோடு பரஸ்பரமாகப் பழக, அது எவ்வளவு கைகொடுக்கும் என்பது போன பிறகு தெரியும். மலையகத்தில் ஆரம்ப வகுப்புகளுக்குப் பயிற்சி பெற்ற டீச்சர்மாரின் தேவையும் பெரியது. கொழும்பிலிருந்து வந்த டீச்சர் மூன்று மாதத்தில் மாற்றம் எடுத்துக்கொண்டு ஓடிவிடுவார் என்று பெற்றோர் முதலில் நினைப்பார்கள். நான்காவது மாதமும் நீங்கள் நின்றால், வீட்டில் காய்த்த பீர்க்கங்காயைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிடுவார்கள்.

இப்போது ஊர். வந்தாறுமூலை கொழும்பிலிருந்து ஏறத்தாழ 300 கிலோமீற்றர். ஒரு நாள் விடுமுறைக்கு வந்து போக முடியாது. பத்தனை, ஹட்டனைத் தாண்டிக் கொட்டகலைக்கு அப்பால். புறக்கோட்டையில் ஹட்டன் பஸ் ஏறி அவிசாவளை, கித்துல்கல, கினிகத்தேனை என்று போய், ஹட்டனில் தலவாக்கலைப் பக்கம் போகிற பஸ்ஸில் மாறினால் பத்தனைச் சந்தியில் இறங்கலாம். காலையில் வெளிக்கிட்டால் பின்னேரத்துக்குள் போய்ச் சேரலாம். அம்மாவுக்குத் தூரம் அவ்வளவுதான்.

ஆனால் அம்மாவின் பயம் கிலோமீற்றரில் இல்லை என்று நினைக்கிறேன். பெண்பிள்ளை, விடுதி, பகிடிவதை, காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பார்கள் என்பவைதான் அது. அதை "அம்மாவுக்கு விளங்காது" என்று ஒதுக்காதீர்கள். அம்மா ஒரு தாளில் கேள்விகளை எழுதட்டும். விடுதிக்குப் பொறுப்பானவர் இரவில் தங்குகிறாரா, நோய் வந்தால் எந்த ஆஸ்பத்திரி, பெற்றோர் எந்த நாளில் வந்து பார்க்கலாம், புதியவர்களை மூத்தவர்கள் நடத்தும் விதத்தைக் கல்லூரி யாரைக் கொண்டு கவனிக்கிறது. அந்தத் தாளோடு, பதிவுக்குரிய நாளுக்கு முன்னமே ஒரு நாள் இருவருமாகப் போய் வாருங்கள். போவதற்கு முன் தொலைபேசியில் நேரம் கேட்டு, கல்லூரித் தலைவரான பீடாதிபதியையோ அவர் சொல்கிற விரிவுரையாளரையோ சந்தியுங்கள். விடுதியை அம்மா கண்ணால் பார்க்கட்டும். வாசலில் நிற்கும் இரண்டாம் வருட மாணவி ஒருவரோடு, விரிவுரையாளர் பக்கத்தில் இல்லாத நேரத்தில், பத்து நிமிடம் பேசட்டும். நான் சொல்லிக் கேட்காத அம்மா அந்தப் பிள்ளை சொல்லிக் கேட்பார்.

ஒரு விடயத்தில் மட்டும் தாமதிக்க வேண்டாம். கல்லூரியும் பல்கலைக்கழகமும் இரண்டும் முழுநேரப் படிப்பு. இரண்டிலும் பதிந்து வைத்துவிட்டுப் பிறகு பார்ப்போம் என்று நினைக்காதீர்கள், அது இரண்டு இடத்தையுமே சிக்கலாக்கும். இரண்டு கடிதத்திலும் உள்ள பதிவுத் திகதிகளை இன்றைக்கே கலண்டரில் குறித்துவிட்டு, முந்துகிற திகதிக்குக் குறைந்தது ஐந்து நாளுக்கு முன் பத்தனைப் பயணத்தை வையுங்கள். உயர்தரப் பெறுபேற்றுச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், கிராம உத்தியோகத்தர் கடிதம் எல்லாவற்றிலும் மூலப் பிரதியும் இரண்டு நிழற்பிரதியும் எடுத்து வையுங்கள். பெயரின் எழுத்து ஒன்றிலொன்று மாறியிருந்தால் இப்போதே சரிசெய்யத் தொடங்குங்கள், அதற்குத்தான் நாள் எடுக்கும்.

பஸ்ஸில் அம்மாவை யன்னல் பக்கம் இருத்துங்கள். கித்துல்கலைக்குப் பிறகு பாதை வளைந்து வளைந்து ஏறும், தலை சுற்றும். கையில் இரண்டு தேசிக்காயும் ஒரு சுவெற்றரும் இருக்கட்டும்.